முழு டிஸ்க்கும் அழிந்த பிறகு

வண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தே ஜாக்கெட்டுகளுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை செய்து தருகிறேன். டிசைன்கள் எல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. அது திறக்கவே கால்மணி நேரம் ஆனதால் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். "இத்த தூக்கிப் போட்டுட்டு புச்சு வாங்குக்கா" என்றார் கடைக்காரர்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, வீடியோ பார்த்துக்கொண்டே நானே போட உட்கார்ந்தேன். முழு டிஸ்க்கையும் அழிக்கலாமா என்று நடுவில் கேட்டது. பழைய விண்டோஸை மட்டும்தான் அழிக்கக் கேட்கிறது என்று நினைத்துச் சரி கொடுத்தேன். நான்கு வருட டிசைன்களும் போய்விட்டன.

"ஒனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? கடைலயே குட்த்துடு" என்றார் கணவர்.

"கெடுத்தது நானு. நானே சரி பண்றேன்" என்றேன்.

நல்லவேளையாக, டிசைன்களை வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். என் போனில் இடமில்லாமல் அவற்றை அழித்திருந்ததால், ஒவ்வொருவரிடமும் கேட்டு முக்கால்வாசியைத் திரும்ப வாங்கி, அதே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இப்போது அது ஒரே நிமிடத்தில் திறக்கிறது.

இப்போதெல்லாம் எதை மாற்றுவதானாலும் முதலில் இரண்டு பென்டிரைவில் நகலெடுத்து, திறக்கிறதா என்றும் பார்த்துவிடுகிறேன். கைவைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. போன வாரம் என் நாத்தனாரின் லேப்டாப்பிலும் நானேதான் லினக்ஸ் போட்டேன்.