வெள்ளிக் கறை படிந்த விரல்கள்

திங்கட்கிழமை காலை தாம்பரத்தில் மின்ரயிலை விட்டு இறங்கும்போது கைபேசி அடித்தது. எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளர் மணி. "சார், லலிதா மேடம் பூட்டாங்க சார்" என்று சொல்லி அழுதார். மாரடைப்பு. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

மேடம் நுண்ணுயிரியல் துறை, நான் தாவரவியல். நொச்சி இலைச் சாற்றைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் கலந்து வெள்ளி நானோ துகள்களை உருவாக்கி, அவை கிருமிகளைக் கொல்கின்றனவா என்று இருவரும் சேர்ந்து ஆராய்ந்தோம். என் முனைவர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. பம்மலுக்குப் போய் இலை பறித்து வருபவர் அவரே. வெளிறிய கரைசல் பழுப்பான அன்று, "மேடம், கலர் மாறிகினு கீது!" என்று மணி கத்தியதில் பக்கத்து வகுப்பே எழுந்து வந்தது. கையுறைகளை மாணவிகளுக்கென்று ஒதுக்கிவிட்டு மேடம் வெறுங்கையோடு வேலை செய்வார். சில்வர் நைட்ரேட் பட்டு விரல்நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும்.

கிருமி வளர்த்த தட்டில் எங்கள் கரைசலைச் சுற்றி அகலமான வெற்று வளையம் விழுந்தது. கிருமிகள் செத்த இடம் அது. தலைகால் புரியாமல் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதி அனுப்பினேன். கருத்தரங்குக்கு இரண்டு நாள் இருக்கையில் மேடம் கேட்டார்: "வெறும் இலைச்சாறு வச்சுப் பார்த்தோம். வெறும் சில்வர் நைட்ரேட் வச்சோமா சார்?"

வைக்கவில்லை. வைத்தபோது அதே அகலத்தில் வளையம். கொன்றது எங்கள் துகள்களா, கரைசலில் மிச்சமிருந்த சில்வர் நைட்ரேட்டா என்று சொல்ல வழியில்லை. "பேப்பரை வாபஸ் வாங்கிடலாம் சார்" என்றார்.

"உங்களுக்கென்ன மேடம், பட்டம் வாங்கியாச்சு" என்று சொல்லிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அவரோடு பேசுவதை நிறுத்தினேன். நான்கு மாதம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த நான்கு மாதமும் அவர் துகள்களை இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்து, மிச்ச சில்வர் நைட்ரேட் போகத் திரும்பத் திரும்பக் கழுவி, தனியாளாகச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் என் மேசையில் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். "வளையம் சின்னதாத்தான் இருக்கு சார். ஆனா இது நெஜம்."

அந்தச் சின்ன வளையத்தை வைத்துத்தான் எனக்குப் பட்டம் கிடைத்தது. நன்றி சொன்னேன். மன்னிப்பு கேட்கவில்லை, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக் கூடத்தில் மேடத்தைக் கிடத்தியிருந்தார்கள். அவருடைய தங்கை ஈரத்துணியால் அந்த விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்தக் கறை போகவே மாட்டேங்குதுங்க."

"விட்டுடுங்கம்மா, தேய்ச்சா போகாது. பத்து நாள்ல புதுத்தோல் வளர்ந்தா தானா போயிடும்" என்றேன். மாணவிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் துணியை மடித்து வைத்துவிட்டார். நான் அந்தக் கறுத்த விரல்களைத் தொட்டு, அத்தனை பேர் முன்னால் மன்னிப்பு கேட்டேன். போய் வாருங்கள் மேடம்.