மாரிமுத்துவின் முகம் தேடிக் கோலகெட்டிலுக்கு

புதன்கிழமை. காலை எட்டு மணிக்குச் செமிலிங்கிலிருந்து கிளம்பினோம். எட்டு என்பது ஜப்பான் நேரம். சூரியனைக் கேட்டால் ஆறரை என்றுதான் சொல்லும். ஆனால் ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் எல்லாக் கடிகாரத்தையும் டோக்கியோவுக்குத் திருப்பி வைக்கச் சொன்ன பிறகு சூரியனை யார் கேட்கிறார்கள்! என்னோடு வந்தவர் கோவிந்தன். கோலகெட்டிலுக்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், மாட்டுவண்டி ஓட்டுகிறவர். முந்தின நாள் சாயந்திரம் வந்து வாசலில் உட்கார்ந்தவர், நான் சரி என்று சொல்லும்வரை எழுந்திருக்கவே இல்லை.

நான் படக்காரன். சண்டைக்கு முன்னால் சுங்கை பட்டாணியில் ஒரு போட்டோக் கடையில் படங்களுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். பிலிம் தீர்ந்தது, காகிதம் தீர்ந்தது, கடையும் மூடியது. இப்போது கரிக்கட்டியால் செத்தவர்களின் முகத்தை வரைந்து கொடுக்கிறேன். மற்ற தொழிலெல்லாம் படுத்துவிட்டது, இது மட்டும் படுக்கவில்லை.

முந்தின நாளே, "எப்படிச் செத்தார்?" என்று கோவிந்தனிடம் கேட்டேன்.

"எங்க தோட்டத்து ஆளு. பாலத்துல ஜப்பான்காரன் சுட்டுட்டாண்ணே. பதினாலு நாளாச்சு. நாளன்னிக்குக் கருமாதி."

குண்டடி பட்டவர் படமா? ஆளை விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்படிப்பட்டவருக்குப் படம் போட்டால் போட்டவனையும் விசாரிப்பார்கள். எனக்கு மனைவி இருக்கிறாள், உயிர்மேல் ஆசையும் இருக்கிறது.

"உடம்ப ஆறு கொண்டுபோயிருச்சு," என்றார் கோவிந்தன். "ஒரு போட்டோகூட இல்ல. அவரு சம்சாரம் கடைசியா மூஞ்சியப் பாக்கலண்ணே. கண்ண மூடினா மூஞ்சி கலைஞ்சு கலைஞ்சு போகுதுன்னு அழுவுது. ஒரே ஒரு தடவ பாத்துட்டா அனுப்பி வெச்சிருவேன்னு சொல்லுது."

இதற்குமேல் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

சுங்கை பட்டாணிக்கு ஏழு கட்டை, அதாவது ஏழு மைல். சைக்கிள் டயருக்குப் பதில் கயிறு சுற்றி ஓட்டுகிற காலம் என்பதால் நடந்தே போனோம். பத்தரைக்குக் கரி பஸ், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுவது. ஆளுக்கு மூன்று வெள்ளி, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு மூன்று. பின்னால் அடுப்பை மூட்டிவிட்டு முக்கால் மணி நேரம் புகையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். பதினைந்து கட்டை தூரத்தில் இரண்டு ஏற்றத்தில் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தள்ளுவதற்கும் சேர்த்துத்தான் மூன்று வெள்ளியா என்று கேட்டேன். "இஷ்டமிருந்தா தள்ளுங்க லா, இல்லாட்டி நடங்க லா," என்று இந்த ஊர் 'லா'வைச் சேர்த்துச் சொன்னான் டிரைவர். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன்.

மத்தியானம் ஒன்றரை. கோலகெட்டில் பாசாரில் கோவிந்தனின் வண்டி நின்றிருந்தது. மரவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டு தின்றுவிட்டு ஏறினோம். ஊரைத் தாண்டியதும் பாலம்.

"இங்கதான்," என்றார் கோவிந்தன், உதட்டை அசைக்காமல்.

காவல் நிற்கும் இடத்தில் குனிந்து வணங்கியாக வேண்டும் என்பது ஜப்பான்காரன் சட்டம். இறங்கிக் குனிந்தோம். காவல் சிப்பாய்க்கு இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். என் கையிலிருந்த தாள் சுருளைப் பிரிக்கச் சொல்லிச் சைகை காட்டினான். உள்ளே இருந்தவை என் தொழில் ரகசியம். ஆறு தாள், ஒவ்வொன்றிலும் கோட்டும் டையும் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஓர் உடம்பு, பக்கத்தில் பூச்சாடி. தலை மட்டும் இருக்காது. தோட்டத்துச் சனங்களுக்குப் படம் என்றால் கோட்டு வேண்டும். அதனால் உடம்பை வீட்டிலேயே போட்டு வைத்துக்கொண்டு, போன இடத்தில் தலையை வைத்துவிடுவேன். சிப்பாய் ஆறு தலையில்லாத ஆட்களையும் பாலத்தின்மேல் வரிசையாகப் பரப்பினான். பிறகு என் கழுத்தைப் பார்த்தான். விரலால் தன் கழுத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னைச் செருப்பாலடிக்கலாம் போலிருக்கிறது.

மூன்று மணி. பாலத்திலிருந்து நான்கு கட்டை தள்ளித் தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு, செத்துப்போன மாரிமுத்துவின் மனைவி பாக்கியத்துடையது. முப்பது வயதிருக்கும், பிள்ளை இல்லை. அழாமல், நிதானமாகப் பேசினாள்.

"அவரும் தம்பியும் அச்சுல வார்த்த மாதிரிண்ணே. ஆனா அவருக்கு இடது கண்ணு இமை பாதி சரிஞ்சிருக்கும். ரெண்டு கன்னத்துலயும் அம்மைத் தழும்பு. தம்பிக்கு அது ரெண்டும் கிடையாது. தம்பியப் பாத்து வரைஞ்சுக்குங்க, ஆனா கண்ண மறந்திராதீங்க. அந்தக் கண்ணுதான் அவரு."

"தம்பி எங்கே?"

அவள் கோவிந்தனைப் பார்த்தாள்.

ஐந்து மணிக்குக் கோவிந்தன் என்னைத் தோட்டத்துக்குப் பின்னால், இடுப்பளவு லாலாங் புல்லுக்குள் அழைத்துப் போனார். சதுப்புக்கு நடுவே ஓலை வேய்ந்த ஓர் அத்தாப்புக் குடிசை. அங்கே ஒளிந்திருந்தான் தம்பி ஆறுமுகம். கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிறவன். அண்ணனைப் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டது. இந்தத் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணிக்குக்கூட அவனைத் தெரியாது. அரைச்சாக்கு அரிசியோடு இரண்டு பேரும் பாலத்தைக் கடந்திருக்கிறார்கள். சிப்பாய் கத்தியிருக்கிறான். இவன் ஓடினான். அண்ணன் சாக்கை விட மனமில்லாமல் நின்றுவிட்டான்.

"சத்தம் கேட்டதும் திரும்பிப் பாத்தேண்ணே. அண்ணன் குப்புற ஆத்துக்குள்ள விழுறாரு. அவன் என் மூஞ்சிய நல்லாப் பாத்துட்டான். அண்ணன் முதுகத்தான் பாத்தான், என் மூஞ்சியப் பாத்துட்டான்." ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் இருக்கும் ஆட்களுக்கு அரிசி கொண்டுபோகிறவன் என்று லயம் லயமாக இவனைத் தேடுகிறார்கள்.

நான் தாளை எடுத்ததும் அவன் பின்வாங்கினான்.

"என் மூஞ்சிய வரைஞ்சு அதுக்கு மாலை போடுவீங்களா? உசிரோட இருக்கறவனுக்கா? எனக்கு நானே சாவு தேடிக்கிற மாதிரில்ல இருக்கு?"

"கண்ணையும் தழும்பையும் போட்டுவிட்டால் அது உன் அண்ணன். நீ இல்லை. நான் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்," என்றேன். அதன் பிறகுதான் உட்கார்ந்தான்.

வியாழக்கிழமை. வெளிச்சம் வந்ததும் பாக்கியம் வீட்டுச் சன்னலருகில் உட்கார்ந்து மெருகு போட்டேன். மூக்கு, நெற்றி, காதோரம் எல்லாம் அருமையாக வந்தன. இடது இமைக்கு வந்ததும் கை நின்றது. பதினாறு வருடத்துப் பழக்கம் அது. போட்டோக் கடையில் நான் படித்த முதல் பாடமே செத்தவர் முகத்தில் குறை வைக்காதே என்பதுதான். மாறுகண்ணை நேராக்குவேன், தழும்பை அழிப்பேன், பல் இல்லாதவர் வாயை மூடிவிடுவேன். எல்லாரும் கும்பிட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். இந்த நல்ல முகத்தில் போய்ச் சரிந்த இமையையும் அம்மைத் தழும்பையும் வைப்பதா? இந்தம்மாவுக்கு என்ன தெரியும், பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் படத்தைத் திருப்பிக் காட்டினேன்.

பாக்கியம் வெகுநேரம் பார்த்தாள். "இது அவரு இல்லண்ணே," என்றாள். "இது தம்பி."

"நன்றாகப் பாரம்மா. செத்தவருக்குக் குறை வைத்து வரைகிற வழக்கம் கிடையாது."

"அவருக்குக் குறைன்னு யாருண்ணே சொன்னது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வீம்பு விடவில்லை. வெயில் ஏறுகிறது, முதலில் மாட்டிப் படையலை வையுங்கள், கண்ணைப் பிறகு சரி செய்கிறேன் என்றேன். லயத்துப் பெண்களும் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார்கள். படம் சுவரில் ஏறியது. சந்தனம், குங்குமம், செம்பருத்தி மாலை. கீழே விளக்கு. பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கொடுத்த வாக்கு காற்றில் போய்விட்டது. உயிரோடிருக்கிற ஆறுமுகத்துக்கு மாலை போட்டாயிற்று.

பதினொன்று அடிக்கும்போது லாரிச் சத்தம் கேட்டது.

இரண்டு சிப்பாய்கள், கூடத் தமிழ் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பு ஆள். முதல் சிப்பாய் பாலத்துக் காவல்காரன்! உள்ளே நுழைந்தவன் என்னைத்தான் முதலில் பார்த்தான். கழுத்தில் கோடு இழுத்துக் காட்டிச் சிரித்தான். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, படத்தைக் காட்டி என்னமோ கத்தினான்.

"அன்னிக்குப் பாத்த மூஞ்சி இதுதாங்கிறான்," என்றான் மொழிபெயர்ப்பு ஆள். "இது யாரு?"

என் வீம்பு ஒருவன் உயிரைச் சுவரில் மாட்டி, கீழே விளக்கும் ஏற்றி வைத்திருக்கிறது!

பாக்கியம் எழுந்தாள். "என் புருஷன்," என்றாள். "நீங்க சுட்டது இவரத்தான். இன்னிக்குக் கருமாதி. தெரியல?"

மொழிபெயர்ப்பு ஆள் சொல்லச் சொல்ல, சிப்பாய் மாலையையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"எதைப் பாத்து வரைஞ்சேன்னு கேக்கிறான். போட்டோ எங்க?"

"போட்டோ எதற்கு?" என்றேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "மாரிமுத்து சுங்கை பட்டாணியில் எங்கள் கடைக்கு வந்திருக்கிறார். ஒரு தரம் பார்த்த முகத்தை நான் மறப்பதில்லை. என் தொழில் அது. சந்தேகமிருந்தால் உங்களையும் வரையட்டுமா, நீங்கள் வெளியே போய் நில்லுங்கள்!"

பொய்தான். ஆனால் தொழிலைப் பற்றிப் பேசும்போது எனக்கு வருகிற திமிர் மட்டும் நிஜம். அதை அவன் நம்பிவிட்டான். அப்படியென்றால் முகம் பார்த்தவனைத்தான் சுட்டோம், தப்பியவன் முகம் தெரியாது என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டதாக மொழிபெயர்ப்பு ஆள் சொன்னான். பாக்கியம் படத்தின் முன்னால் விழுந்து பதினாறு நாள் அழுகையையும் அழுதாள். கொழுந்தன் முகத்தைப் பார்த்துப் புருஷனைச் சொல்லி அழுதாள்.

அப்போது அந்தச் சிப்பாய் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, படத்துக்கு முன்னால் கைகூப்பி இடுப்புவரை குனிந்தான். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சுட்டுவிட்டுக் கும்பிடுகிறாயா? ஆனால் நிமிர்ந்தபோது அவன் கண் சிவந்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

"படத்தக் கழட்டிராதே," என்று மொழிபெயர்ப்பு ஆள் போகும்போது சொன்னான். "பெரிய ஆபீசர் வந்து பாப்பாரு. இன்னிக்கோ, அடுத்த மாசமோ. இது இங்கயே இருக்கணும், இப்படியே இருக்கணும்."

லாரி போன பிறகு மாலையைத் தொடக்கூட எனக்குப் பயமாக இருந்தது. ஆறுமுகத்தை இருட்டுவதற்குள் பாலத்துப் பக்கம் போகாமல் மேட்டுப் பாதையாகக் கரங்கானுக்கு அனுப்பிவிடுவதாகக் கோவிந்தன் சொன்னார்.

"அப்ப இந்தக் கண்ண இனி சரி செய்ய முடியாதுல்ல?" என்றாள் பாக்கியம்.

"முடியாது தாயி," என்றேன். "நான் பாவி. நேற்று நீ சொன்னபோதே கேட்டிருந்தால்..."

"கேட்டிருந்தா தம்பி மூஞ்சிய இன்னும் தேடிக்கிட்டு இருப்பாங்க. விடுங்கண்ணே. ஆனா நான் அவர இன்னும் பாக்கலியே."

மிச்சமிருந்த ஐந்து தாள்களில் ஒன்றைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் வெள்ளை. கோட்டு வேண்டாம் என்றாள், தோளில் ஒரு துண்டு போதும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல வரைந்தேன். "இமைய இன்னும் கொஞ்சம் எறக்குங்க. அவ்ளோ வேணாம். மேல... ஆங். தழும்பு இந்தக் கன்னத்துல நெருக்கமா. தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கும் எப்பவும்." இரண்டு மணி நேரத்தில் பத்துத் தடவை அழித்தேன். மெருகு என்பதையே மறந்துவிட்டேன். கடைசியில் அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கையை எடுக்காமலே தலையை ஆட்டினாள். என் ஆயுளில் அதுமாதிரி ஒரு முகம் நான் போட்டதில்லை.

மடியில் வைத்து அவள் வெகுநேரம் பார்த்தாள். விரலால் இமையைத் தொட்டாள், கரி ஒட்டிக்கொண்டது.

"வீட்டுல வெச்சிருக்க முடியாதுண்ணே. ரெண்டு படம் இருந்தா மாட்டிக்குவோம்." எனக்கும் அது தெரியும். "அவர எரிக்காமலே கருமாதி பண்ணிட்டோம். கொள்ளி வைக்கப் புள்ளயும் இல்ல, தம்பியும் வெளிய வர முடியாது." படத்தை என்னிடம் நீட்டினாள். "நீங்க வைங்கண்ணே."

நான் யார், இந்த மாரிமுத்து யார்! நேற்றுவரை பெயர்கூடத் தெரியாது. லயத்துக்குப் பின்னால் கித்தா மரத்தடியில் கோவிந்தன் நான்கு சுள்ளி அடுக்கினார். தலை தெற்கே இருக்கும்படி படத்தைக் கிடத்தினோம். பாக்கியம் முகத்தின்மேல் ஒரு பிடி மரவள்ளிமாவு போட்டாள், அரிசிக்குப் பதில். நான் படத்தின் தோளைத் தொட்டுத் தீ வைத்தேன். தாள் சுருண்டு, முகம் ஒரு தடவை எங்கள் பக்கம் எழும்பி, அடங்கியது.

கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. மாலை நான்கு மணிக்கு அங்கிருந்து அப்படியே நடந்தேன். லயம், கிராணி ஆபீஸ், தோட்டத்து வாசல் ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தில் வேறு காவல், குனிந்தேன். கோலகெட்டிலில் ராத்திரி ஒரு கடைத் திண்ணையோரம் படுத்து, வெள்ளிக்கிழமை கரி பஸ் பிடித்து, மூன்று நோட்டுக் கொடுத்து, தள்ளவும் செய்து, மத்தியானம் செமிலிங் வந்து சேர்ந்தேன். வீட்டுக்குள் போகவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகினேன்.

மனைவி ஓடிவந்தாள். "ஐயோ, யாரு செத்துப்போனது?"

"தங்கச்சி வீட்டுக்காரர்," என்றேன்.

எனக்குத் தங்கை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். மாற்றுத் துணி எடுத்துவந்து கொடுத்தாள்.