பிலோமினா வாங்கிய திறந்த கார்

புதுச்சேரி மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் என் நாத்தனார் பிலோமினாவின் வெள்ளைப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் அவரை வீட்டுக்கு அழைத்துவருவதாக இருந்தது. பேசிய பெண் முதலில் என் பெயரைக் கேட்டாள். பிறகு நோயாளிக்கு நான் என்ன உறவு என்று கேட்டாள். அண்ணன் மனைவி என்றேன். அண்ணன் இல்லையா என்றாள். அவர் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது என்றேன். அதற்குப் பிறகுதான் சேதியைச் சொன்னாள். போனை வைத்துவிட்டு வந்து புடவையின் மீதிப் பாதியையும் இஸ்திரி போட்டு முடித்தேன். அரைகுறையாக மடித்த துணி அவருக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. அந்தப் புடவையில்தான் அவரைத் திண்டிவனம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

நம் பங்குக் கோயிலில் இளையவர்களுக்கு பிலோமினாவை, கறுப்புக் கண்ணாடி அணிந்து, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரிசை ஓரத்தில் உட்காரும் முதியவராக மட்டுமே தெரியும். அவர்களுடைய பெற்றோர் அவரை ‘ஜெர்மன் சிஸ்டர்’ என்பார்கள். கன்னியாஸ்திரி அல்லர், நர்ஸ். அடக்கத்தன்று வந்தவர்கள் அவரைவிட அவருடைய காரைப் பற்றியே அதிகம் பேசினார்கள். ஜெர்மனியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார் என்றார் ஒருவர். மருத்துவமனை பரிசாகக் கொடுத்தது என்றார் இன்னொருவர். இரண்டும் தவறு. அது விழுப்புரத்தில், ஒரு ரைஸ்மில்லில் வாங்கியது. அதை வாங்கிய கதையைச் சரியாகச் சொல்ல இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அதில் என் பங்கு பெருமைப்படத் தக்கதல்ல.

பிலோமினா இருபத்திரண்டு வயதில் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போனார். முப்பது வருஷம் அங்கே இருந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் இறந்த மறுவருஷம், 1993இல், இரண்டு பெட்டிகளோடு திண்டிவனம் வந்து இறங்கினார். “அண்ணி, நீங்க தனியா இருக்கீங்க, நானும் தனியா இருக்கேன். ரெண்டு வாடகை எதுக்கு?” என்றார். வீடு எங்கள் சொந்த வீடு, வாடகை இல்லை என்று நான் திருத்தினேன். சிரித்தார். நான் கான்வென்ட்டில் படித்து, அங்கேயே கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். திருத்துவது என் பழக்கம். அவர் என்னோடு இருந்த வருஷங்களில் ஒருமுறைகூட அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

மூன்றாம் வருஷம் ஒரு மதியம், காபித் தம்ளரை நீட்டினேன். அவர் கை அதைத் தாண்டிப் போயிற்று. புதுச்சேரியில் கண் டாக்டரிடம் போனோம். கண் நரம்பு காய்ந்துவருகிறது, ஓரத்திலிருந்து பார்வை குறுகிக்கொண்டே வரும், கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகிவிடும், அதன் பிறகு அதுவும் இருக்காது என்றார். கார் ஓட்டலாமா என்று பிலோமினா கேட்டார். எங்களிடம் கார் கிடையாது. பகலில் மட்டும், அதுவும் அதிகம் போனால் ஒரு வருஷம் என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னார். ஜெர்மனியில் அவர் வேலை பார்த்த ஊரில், பனிக்காலம் முடிந்து அவர் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மேல்துணியை மடித்துவிட்டு ஓட்டும் நீளமான கார்கள் வெயில் வந்த முதல் நாளே கிளம்பிவிடுமாம். “முப்பது வருஷம் மத்தவங்க வண்டிக்கு ஒதுங்கி நின்னேன், அண்ணி. கண்ணு இருக்கறப்பவே ஒண்ண நான் ஓட்டணும். பொட்டி மாதிரி மூடின வண்டி வேணாம். நாலா பக்கமும் தெரியணும்” என்றார். வேறு எதையும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் திறந்த காரில்தான். பூ ஜோடித்த காரில் மாப்பிள்ளை உட்கார்ந்து வர, முன்னால் பேண்டும் பின்னால் பெட்ரோமாக்ஸ் விளக்குமாக ஊரைச் சுற்றுவார்கள். விழுப்புரத்தில் அதற்கென்று பேர்போன கார் ஒன்று தெய்வசிகாமணி என்ற மில்காரரிடம் இருந்தது. அவர் அப்பா அந்தக் காலத்தில் பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய ஜெர்மன் கார். அப்பா இறந்து வருஷம் திரும்பியதால் விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, திண்டிவனம் மெக்கானிக் காதர் பாயை அழைத்துக்கொண்டு போனோம்.

மில்லின் பின்கட்டில், தவிட்டுத் தூசி படாமல் இரண்டு படுதாக்களுக்கு அடியில், சக்கரம் தரையைத் தொடாமல் மரக்கட்டைகள் மேல் நின்றிருந்தது. எலி கடிக்காமலிருக்கப் பூனை வளர்த்தார்கள். பாலாடை நிறம், சிவப்புத் தோல் இருக்கைகள், மடக்கும் கறுப்புத் துணிக் கூரை. காதர் பாய் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து வண்டியின் உடம்பு முழுக்க ஒட்டிப் பார்த்தார். கால்விரிப்பைத் தூக்கித் துரு தேடினார். இன்ஜினில் வெட்டியிருந்த எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டார்.

“சிஸ்டரம்மா, பட்டி பூசி அடைச்ச எடம் ஒரு பொட்டு இல்ல. காந்தம் எல்லா எடத்துலயும் ஒட்டுது. பொறந்த மேனிக்கு வெச்சிருக்காங்க. ஒண்ணே ஒண்ணு, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குது. நம்ம ரோட்டுல அது பேஜாரு.”

“எனக்கு அதுதான் பழக்கம், பாய்” என்றார் பிலோமினா. ஜெர்மனியில் அவர் வண்டி ஓட்டப் பழகியதே அப்படித்தான்.

விலையில் தகராறு இல்லை. நாளில்தான் தகராறு. அது மார்கழி. மார்கழியில் வண்டியை வீட்டை விட்டு அனுப்புவதில்லை என்றார் மில்காரர். தையில் அவர் மகளுக்குக் கல்யாணம். தாத்தாவின் காரில்தான் மாப்பிள்ளை அழைப்பு. மாசி பிறந்ததும் அவரே ஆள் அனுப்பினார். போனோம். சாவியைத் தாம்பாளத்தில் வைத்து, “மாசியில ரெண்டு நல்ல நாளு இருக்குது. புதன்கிழமை வந்து ஓட்டிக்கினு போங்க” என்றார். பிலோமினா சாவிக்குக் கை நீட்டினார்.

நான்தான் முடியாது என்றேன். முந்தின புதன்தான் நாங்கள் நெற்றியில் சாம்பல் பூசி, ஈஸ்டர்வரை நாற்பது நாள் தவக்காலத்தைத் தொடங்கியிருந்தோம். தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கறி சமைப்பதில்லை, புதுத்துணி எடுப்பதில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் போகிற காரைக் கொண்டுவந்து கோயில் தெருவில் நிறுத்தினால் பங்கில் என்ன பேசுவார்கள்? ஈஸ்டருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பிலோமினா என்னைத் தனியே அழைத்தார். “அண்ணி, டாக்டர் ஒரு வருஷம்னு சொன்னாரு. எனக்கு அவ்ளோ இருக்காதுன்னு தோணுது.”

“நாற்பது நாளில் ஒன்றும் ஆகிவிடாது” என்றேன்.

அவர் சம்பாதித்த பணம். அவருடைய கண். என்னை மீறி வாங்கியிருக்கலாம். அண்ணன் மனைவி சொல்லைத் தட்டக் கூடாது என்று தாம்பாளத்தைத் தொடாமல் கிளம்பிவிட்டார். மில்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

அந்த நாற்பது நாளும் காலையில் அவர் கொல்லைப்புறத்தில் சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் சிலுவைபோல் விரித்துக்கொண்டிருப்பார். தவக்காலத்தில் கை விரித்து ஜெபிப்பது எங்கள் பழைய வழக்கம். இந்தக் காலத்தில் யார் செய்கிறார்கள்? ஜெர்மனியில் இருந்தும் விசுவாசம் குறையவில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பங்குக் குருவிடம்கூடச் சொன்னேன்.

ஈஸ்டர் திங்களன்று முதல் பஸ்ஸில் விழுப்புரம் போனோம். மில்காரர் தலையைச் சொறிந்தார். சித்திரையிலும் வைகாசியிலும் ஏழு கல்யாணத்துக்கு வண்டி தருவதாக வெற்றிலைப் பாக்கு வாங்கிவிட்டாராம். “நீங்க மாசியிலயே எடுத்திருக்கணும். பாக்கு வாங்கின பிறகு வார்த்த மாற முடியாதுங்க, டீச்சரம்மா” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கார் வீட்டில் இருப்பதைப் பார்த்து அவருடைய சம்பந்திகளும் கேட்டார்கள். ஆனியும் அவர்களுக்குப் போயிற்று.

பிலோமினா வாரம் ஒருமுறை தனியாகவே பஸ் ஏறிப்போக ஆரம்பித்தார். மில் வாசலில் மூட்டை எடைபோடும் இடத்தில் உட்கார்ந்திருப்பாராம். ஆனிக் கடைசியில் நானும் கூடப் போனேன். ஒரே ஒரு மணி நேரம், மில் களத்துக்குள் மட்டும் ஓட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டிக்குப் பூ கட்டியாகிவிட்டது என்று மில்காரர் சங்கடத்தோடு சொன்னார். நம் வீட்டுப் பெண் ஒரு மில் வாசலில் கும்பிட்டு நிற்பதா என்று திரும்பும் வழியெல்லாம் நான் அவரைக் கடிந்துகொண்டேன். மயிலம் நெருங்கியது. அவர், “மலை தெரியுதா அண்ணி, இந்தப் பக்கம்?” என்றார். மலை அவருக்கு வலப்புறம், ஜன்னலுக்கு வெளியே முழுசாக நின்றுகொண்டிருந்தது. தூங்கிவிட்டு எழுந்த குழப்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் கேட்கவே வேண்டாம். ஆவணி பிறந்து மூன்றாம் நாள் சாவி கைக்கு வந்தது.

காதர் பாய் கூரையை மடக்கி வைத்தார். பிலோமினா இடப்பக்கம் உட்கார்ந்து கண்ணாடிகளைச் சரிசெய்தார். பாய் பக்கத்தில். நான் பின்னால். இன்ஜின் ஓடுவது கேட்கவே இல்லை, அவ்வளவு சுத்தம். மில் வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறினோம். அவர் முதுகு நிமிர்ந்தது. இருபது அடி போயிருப்போம். இடப்பக்கச் சந்திலிருந்து மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ஒருவர் சைக்கிளில் வந்தார். நான் பார்த்தேன், பாய் பார்த்தார். பிலோமினா பார்க்கவில்லை. பாய் பாய்ந்து கைபிரேக்கை இழுத்தார்.

நல்லவேளை, அடி இல்லை. சைக்கிள் சாய்ந்து மூட்டை அவிழ்ந்துவிட்டது. “கண்ணு தெரியலயாம்மா?” என்று அந்த மனிதர் கத்தினார். பிலோமினா இறங்கி, ரோட்டில் உட்கார்ந்து மல்லாட்டையைப் பொறுக்கினார். முகத்துக்கு நேரே இருந்ததை மட்டுமே பொறுக்கினார். கைக்கு ஒரு சாண் தள்ளி இருபுறமும் குவியலாகக் கிடந்தது. அதை அவர் தொடவே இல்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். அவர் இரண்டு கைகளையும் சிலுவைபோல் விரித்தார். விரல்களை அசைத்துக்கொண்டே கைகளை மெல்ல முன்னால் கொண்டுவந்தார். எந்த இடத்தில் விரல் அசைவது கண்ணுக்குத் தெரிகிறதோ, அதுவரைதான் பார்வை. நர்ஸுகள் செய்யும் சோதனை. கைகள் ஏறக்குறைய ஒன்றையொன்று தொடும் இடத்தில் நின்றன.

“மாசியில தோளு வரைக்கும் தெரிஞ்சிது, அண்ணி” என்றார். “தெனமும் பாத்துக்கினு இருந்தேன்.”

ஜெபம் என்று நினைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மில்காரர் ஓடிவந்து, வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். நானும் விட்டுவிடலாம் என்றேன். பிலோமினா முந்தானையில் இருந்த மல்லாட்டையை மூட்டையில் கொட்டிவிட்டு எழுந்தார். “இல்ல, வாங்கிக்கிறேன். இப்ப நான் வேணாம்னு போனா, இந்தாளு இனிமே எந்தப் பொம்பளைக்கும் வண்டி விக்க மாட்டாரு” என்றார். மில்காரர்கூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காதர் பாய்தான் திண்டிவனம்வரை ஓட்டிவந்தார். பிலோமினா வழியெல்லாம் முகத்தை இங்கும் அங்கும் திருப்பித் திருப்பி, குழாய்க்குள் அகப்பட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு பாய் மாதம் இரண்டு தரம் வந்து எங்களை வெளியே அழைத்துப் போவார். ஒலக்கூர் பக்கம், மயிலம் பக்கம். இருபுறமும் இருப்பதை நான் சொல்லிக்கொண்டு வருவேன். “அண்ணி, பாடம் நடத்தாதீங்க. என்னா கீதோ அத மட்டும் சொல்லுங்க” என்பார். கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டுமே அவருக்கு மிஞ்சின. தவக்காலம் என்ற சொல்லை இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவர் எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை.

மழை பொய்த்த ஒரு வருஷம், கோடையில் பனமலை ஏரி அடியோடு வறண்டது. அதைக் கேள்விப்பட்ட அன்று காதர் பாயைக் கூப்பிட்டனுப்பி, ஏரிக்குள் வண்டியை இறக்க முடியுமா, பிலோமினா ஓட்ட வேண்டும் என்றேன்.

“டீச்சரம்மா, நீங்களா பேசுறீங்க?” என்றார் பாய்.

ஆடு மாடு இல்லாத இடமாகப் பார்த்து இறக்கினார். அவர் கரையில் நின்றுகொண்டார். பிலோமினாவுக்கு வலப்பக்கம் நான் உட்கார்ந்தேன். இருபுறமும் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. அவர் கை கியரைத் தேடவே இல்லை, நேராகப் போய்ப் பிடித்தது. வண்டி நகர்ந்தது. இடப்பக்கம் ஒன்றுமில்லை, வலப்பக்கம் ஒன்றுமில்லை, எதிரே ஒன்றுமில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

“வேகம் எவ்ளோ, அண்ணி?”

“இருபது.”

“ஈஸ்டர் முடிஞ்சிடுச்சில்ல? அப்ப கொஞ்சம் அழுத்துறேன்.”

அழுத்தினார். காற்று அவர் கொண்டையைப் பிரித்தது. வாய் திறந்திருந்தது. அறுபது வயதைத் தாண்டிய அந்த முகத்தில், முன்னும் பின்னும் நான் கண்டிராத ஒன்றைக் கண்டேன். நீளமாக எதுவோ கிழிவதுபோல் சத்தம் கேட்டது. என் பக்கத்துச் சீமைக் கருவேல முள், முன் கதவிலிருந்து பின் சக்கரம்வரை கீறியிருந்தது.

வண்டியை நிறுத்தி இறங்கிவந்து, கீறலை விரலால் தடவிக்கொண்டே பின் சக்கரம்வரை நடந்தார். காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். நாற்பது வருஷமாக ஒரு கோடு விழாத வண்டி, நாளைக்கே பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார்.

“தொடாதீங்க, பாய். இது நான் ஓட்டினது” என்றார் பிலோமினா.

அன்று ஏன் முள்ளைச் சொல்லவில்லை என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆயுள் முழுக்க மற்றவர் தவறுகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டவள், என் தவறுகளை எழுதுவது இதுதான் முதல் தடவை. பிலோ, உன் நாற்பது நாளை நான்தான் எடுத்துக்கொண்டேன். ஏரியில் வலப்பக்கம் பார்க்க வேண்டியவளும் நான்தான். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய் வா, அம்மா.