பதினோராவது ஊசி

ஊசியக்காவிடம் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "இன்னும் போடலையா?" என்பதுதான்.

"போட்டு, பஞ்சும் வச்சாச்சு. எந்திரிங்க, அடுத்த ஆள் உக்காரட்டும்" என்பார் அவர்.

இருபத்தேழு வருடப் பழக்கமுள்ள கை அது. கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் தற்காலிக வேலையில் சேர்ந்து, ஒன்பது வருடம் தற்காலிகமாகவே இருந்து, அழுகிற பிள்ளை, உதைக்கிற பிள்ளை, பிள்ளையோடு சேர்ந்து அழுகிற அப்பன் என்று எல்லாரையும் சமாளித்துப் பழகியவர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வெளியே எல்லாருக்கும் ஊசியக்காதான்.

வீட்டில் அவருக்கு 'கடைசிச் சொட்டு' என்று இன்னொரு பெயர். வைத்தவர் கணவர். பற்பசைக் குழாய் தீர்ந்தால் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி உள்ளே வழித்தெடுப்பார் ஊசியக்கா. எண்ணெய் பாக்கெட்டைக் கவிழ்த்து அரை மணி நேரம் தொங்கவிடுவார். "கல்லுல நார் உரிக்கிறவளைக் கட்டிக்கிட்டேன், என்ன பண்றது?" என்பார் கணவர். மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது முழுநேர வேலையாகத் தொலைக்காட்சி விவாதம் பார்க்கிறார்.

அந்தக் கடைசிச் சொட்டுப் புத்திதான் இரண்டு அரசுகளுக்கு நடுவே ஊசியக்காவைக் கொண்டுபோய் நிறுத்தியது.

பெருந்தொற்று வந்த இரண்டாம் வருடம், பேட்மிண்டன் ஆடும் உள்ளரங்கம் ஒன்றைத் தடுப்பூசி மையமாக மாற்றினார்கள். தரையிலிருந்த ஆட்டக் கோடுகளின் மேலேயே நாற்காலிகளைப் போட்டார்கள். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து என்று அச்சடித்திருந்தது. சிந்தினாலும் குறையக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூடுதலாக ஊற்றி அனுப்புவது உண்டு. முதல் நாளே குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஊசியக்கா, அடியில் தங்கியிருந்ததை விடவில்லை. குப்பியைச் சாய்த்து, ஊசி முனையை விளிம்போடு ஒட்டி, மூச்சைப் பிடித்து இழுத்தார். பதினோராவது ஆளுக்கும் சரியாக அரை மில்லி வந்தது, சொட்டுக் குறையாமல்.

மற்ற மையங்களின் செவிலியர்களும் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் மாகாணமே குப்பிக்குப் பதினொன்று எடுத்தது.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அரசாங்கத்துக்குச் சந்தோஷத்தை அடக்கத் தெரியாதே! தடுப்பூசியை வாங்கிப் பங்கிட்டுக் கொடுப்பது தலைநகரில் இருந்த அரசு. மக்கள் அதைப் பெரிய சர்க்கார் என்பார்கள். போட்டு முடிப்பது மாகாண அரசு. அது சின்ன சர்க்கார். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். 'அவர்கள் கொடுத்ததைவிட நாங்கள் அதிகம் போட்டோம்' என்று சின்ன சர்க்கார் தெருவெல்லாம் பதாகை வைத்தது. ஒரு பதாகையில் ஊசியக்காவின் கை மட்டும் இருந்தது, முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அமைச்சர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெரிய சர்க்கார் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரே ஒரு உத்தரவு போட்டது: உங்கள் குப்பியில்தான் பதினொன்று இருக்கிறதே, இனி உங்களுக்குக் குப்பிக்குப் பதினொன்று என்றே கணக்கிடுவோம்.

ஊசியக்காவின் மையத்துக்குத் தினமும் அறுபத்தாறு பேர். அதுவரை ஏழு குப்பிகள் வந்தன. மறுநாளிலிருந்து ஆறு.

சின்ன சர்க்கார் அலறியது. "பதினொன்று கட்டாயம் கிடைக்கும் என்று யார் சொன்னது? பத்துதான்!" என்றது. "நேற்று வரை பதினொன்று என்று பதாகை வைத்தது யார்?" என்றது பெரிய சர்க்கார்.

கணவர் சமையலறை வாசலுக்கு ஓடி வந்தார். "ஏய், உன்னைப் பத்திதான் பேசுறாங்க டிவில!"

"என்னைப் பத்திப் பேசுறாங்க. எங்கிட்ட யாராவது பேசுனாங்களா?"

"நீ பேசாம பத்தே எடுத்திருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காது."

"சரி, நாளையிலிருந்து உங்களுக்குத் தட்டுல பாதி சோத்தைக் கீழ கொட்டிட்டுத்தான் வைப்பேன். சம்மதமா?"

கணவர் தொலைக்காட்சிக்குத் திரும்பிவிட்டார்.

இது போதாதென்று சிரிஞ்சு வேறு மாறியது. முதல் மாதங்களில் பெரிய சர்க்கார் குப்பிகளோடு மெல்லிய சிரிஞ்சுகளையும் அனுப்பியது. அவற்றில் மருந்து முழுவதும் உள்ளே போய்விடும். பிறகு, சிரிஞ்சு வாங்குவது மாகாணத்தின் பொறுப்பு என்று கை கழுவியது. மாகாணம், சிரிஞ்சும் தருவதாக ஒப்புக்கொண்டது நீங்கள்தானே என்று கடிதம் எழுதிவிட்டு, கிடங்கில் கிடந்த பழைய சிரிஞ்சுகளை அனுப்பியது. அவை தடித்தவை. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஊசியும் குழாயும் சேரும் கழுத்தில் ஒரு சொட்டு தங்கிவிடும். அதை எந்தக் கையாலும் வெளியே கொண்டுவர முடியாது. பத்து ஊசிக்குப் பத்துச் சொட்டு. அங்கேதான் போனது பதினோராவது ஆளின் பங்கு.

ஆக, ஆறு குப்பியில் அறுபது பேர். தினமும் கடைசி ஆறு பேரிடம் போய், "இல்லை" என்று சொல்லும் வேலை ஊசியக்காவுக்கு வந்தது. சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள், சிலர் வாயில் வந்ததைச் சொன்னார்கள். "உள்ள யாருக்குப் பதுக்கி வச்சிருக்கீங்க?" என்று ஒருவர் கேட்ட அன்று மத்தியானம் ஊசியக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அந்த ஆறு பேரில் ஒரு பெண் தொடர்ந்து மூன்று நாள் வந்தாள். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. நாற்பது பேருக்குக் காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்பதால் அவளுக்கு எப்போதும் கடைசி டோக்கன். வரும் வெள்ளிக்குள் இரண்டாவது ஊசி போட்டிருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள்.

"அக்கா, எனக்கு மட்டும் ஒண்ணு எடுத்து வைக்க முடியாதா?"

"வச்சேன்மா, திங்கக்கிழமை. முன்னாடி நின்னவர் 'அவங்க உங்க சொந்தமா?'ன்னு கேட்டு வீடியோ எடுக்க ஆரம்பிச்சிட்டார். டோக்கன் நம்பரைத் தாண்டிப் போட்டா என் வேலைக்கும் வேட்டு."

"அப்போ வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நான் எங்க போறது?"



வியாழன் சாயங்காலம் மையத்தின் பொறுப்பாளரான டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். மறுநாள் இரண்டு அரசுகளின் அதிகாரிகளும் வருகிறார்கள், ஒரு குப்பியில் எத்தனை ஊசி என்று இவர் கையாலேயே எடுத்துப் பார்க்கப் போகிறார்கள், அதை வைத்து முடிவு என்றார். கதவைச் சாத்தினார்.

"மேலேர்ந்து சொல்லச் சொன்னாங்க. நாளைக்கு ஒரு நாள் உங்க கை கொஞ்சம் நடுங்கட்டும்."

"புரியலையே டாக்டரம்மா."

"ரெண்டு சொட்டு சிந்துனா யார் கேக்கப்போறா? பத்துன்னு ஆயிடும். ஏழாவது குப்பி திரும்ப வரும். தினமும் ஆறு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"நல்லா எடுத்ததுக்குப் பதாகை வச்சாங்க. இப்போ சிந்தச் சொல்றாங்க. அடுத்த வாரம் என்ன, குப்பியையே உடைக்கவா?"

"என்னைப் பாத்து ஏன் கத்துறீங்க? நான் மட்டும் என்ன ராணியா? எனக்கும் ரெண்டு பக்கமும் இடிதான், மத்தளம் மாதிரி."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஊசியக்கா யோசித்தார். டாக்டரம்மா செய்யச் சொன்னது பொய்தான், ஆனால் அந்தப் பொய்யால் தினமும் ஆறு பேருக்கு ஊசி கிடைக்கும். இப்படி ஒரு கணக்கை எந்தப் புண்ணியவான் போட்டான் என்று எரிச்சலாக வந்தது. சரி, சிந்திவிடுவோம் என்றே இறங்கும்போது முடிவு செய்திருந்தார்.

ஒன்பது மணிக்கு வர வேண்டிய அதிகாரிகள் பத்தரைக்கு வந்தார்கள். அதுவரை ஒரு குப்பியும் திறக்கக் கூடாது என்று உத்தரவு. அறுபத்தாறு பேரும் உள்ளே புழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய சர்க்கார் அதிகாரி மேசையில் ஒரு புது டப்பாவை வைத்தார். திறந்து பார்த்த ஊசியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெல்லிய சிரிஞ்சுகள். மொத்தம் நூறு.

"மூணு மாசமா இதைத்தானே கேட்டுக் கேட்டு எழுதினோம்! எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

"இது சோதனைக்கு மட்டும்" என்றார் அவர். "மருந்தை ஒவ்வொரு ஊசியா எடுத்து அந்தத் தட்டுல வைங்க, எண்ணிப் பாத்துட்டுப் போயிடறோம்."

"எண்ணிட்டு?"

"எண்ணிட்டு அப்புறம் தூக்கிப் போட்டுடலாம்."

ஊசியக்கா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். "குப்பியைத் திறந்தா ஆள் நாற்காலியில இருக்கணும். இல்லைன்னா நீங்களே எடுத்துக்குங்க."

இரண்டு அதிகாரிகளும் அன்றைக்கு ஒத்துப்போன ஒரே விஷயம், இந்த அம்மாவுக்கு வாய் நீளம் என்பதுதான். கடைசியில், வரிசையின் முன்பக்கத்தைக் குழப்ப வேண்டாம், கடைசிப் பதினோரு டோக்கன்களை உட்கார வையுங்கள் என்றார்கள். பதினோராவது நாற்காலியில் வந்து உட்கார்ந்தது, அறுபத்தாறாம் டோக்கன். முதியோர் இல்லத்துச் சமையல்காரி.

சின்ன சர்க்கார் அதிகாரி ஊசியக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவதில் சிந்தலாம் என்று நினைத்தார், ஏழு தாண்டிப் போனது. ஒன்பதில் என்றார் மனசுக்குள், ஒன்பதும் போனது. பத்து முடிந்தபோது குப்பியின் அடியில் சன்னமாக ஒரு வளையம் மருந்து நின்றது. அந்தப் பெண் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக இருந்தாள். நடுங்க வேண்டும் என்றால் இப்போதுதான். நடுங்கினால் நாளையிலிருந்து ஆறு பேருக்கு உண்டு, இவளுக்கு மட்டும் இல்லை.

கை நடுங்கவில்லை. குப்பி சாய்ந்தது, முனை விளிம்பில் ஒட்டியது, அரை மில்லி ஏறியது.

"இன்னும் போடலையா அக்கா?" என்றாள் அவள்.

"போட்டாச்சு, எந்திரி. சர்ட்டிஃபிகேட் வாங்காமப் போயிடாதே."

"பதினொன்று" என்று எழுதிக்கொண்டே பெரிய சர்க்கார் அதிகாரி எழுந்தார். "அவ்வளவுதான். தெளிவாயிடுச்சு."

"உக்காருங்க சார்" என்றார் ஊசியக்கா. "பாதிதான் பாத்திருக்கீங்க." அவர் வேண்டாம் என்று சொல்லும் முன்பே முதல் டோக்கனிலிருந்து பத்துப் பேரைக் கூப்பிட்டு, இரண்டாவது குப்பியைத் திறந்து, கிடங்கிலிருந்து வந்த தடித்த சிரிஞ்சுகளை எடுத்தார். அதே கை, அதே சாய்வு. பத்துப் பேரோடு நின்றது. மிச்சத்தை இழுத்து இரண்டு அதிகாரிகளின் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு ஆளுக்கான அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதை யாருக்கும் போட முடியாது. வேறு குப்பி மருந்தோடு சேர்க்கவும் கூடாது.

"பதினொண்ணு குப்பியில இல்ல சார், சிரிஞ்சுல இருக்கு. ரெண்டையும் எழுதுங்க."

"சிரிஞ்சு எங்க பொறுப்பு இல்லையே" என்றார் பெரிய சர்க்கார்.

"எழுத்துல ஒப்புக்கிட்டது நீங்க!" என்றார் சின்ன சர்க்கார். பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். மற்றவர் தம் பையிலிருந்து அதற்குப் பதில் கடிதத்தை எடுத்தார். இருவரும் கத்திக்கொண்டே கார் நிற்கும் இடத்துக்குப் போனார்கள்.

டப்பாவைத் திருப்பி எடுத்துப்போக உதவியாளர் வந்தார்.

"திறந்த டப்பாவைத் திருப்பி வாங்க ஒரு படிவம் இருக்கணுமே" என்றார் ஊசியக்கா.

"அது… கொண்டுவரலையே."

"அப்போ கொண்டுவந்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்."

மீதி நாலு குப்பிக்கும் அந்த டப்பாவையே பயன்படுத்தினார். குப்பிக்குப் பதினொன்று வந்தது. ஆனாலும் தடித்த சிரிஞ்சில் போன ஒன்று போனதுதான். ஐம்பத்தைந்தாம் டோக்கன்காரர் கையில் சீட்டோடு எதிரே வந்து நின்றார்.

"அறுபத்தாறுக்குப் போட்டாச்சு, அம்பத்தஞ்சுக்கு இல்லையா? இது எந்த ஊர் நியாயம்?"

"நியாயம் கார்ல ஏறிப் போயிடுச்சுங்க. நாளைக்கு முதல் ஆளா உங்களுக்குத்தான். இந்தாங்க, எழுதித் தரேன்."

மறுநாள் செய்தித்தாளில் இரண்டு அறிக்கைகள் பக்கம் பக்கமாக வந்தன. பதினொன்று நிரூபணம் என்றது ஒன்று, பத்து நிரூபணம் என்றது மற்றொன்று. முடிவு வரும் வரை ஆறு குப்பிகளே தொடரும் என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கணவர் மூன்றையும் உரக்கப் படித்துக் காட்டினார். ஊசியக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஐம்பத்தைந்தாம் டோக்கன்காரருக்குச் சொன்னபடி முதல் ஊசி போட்டார். டப்பாவில் மிச்சமிருந்தது நாலு குப்பிக்குப் போதுமானதாக இருந்தது. அவரையும் சேர்த்து அன்று வந்த அறுபத்தாறு பேரில் இரண்டு பேர் மட்டும் திரும்பிப் போனார்கள்.

அதற்கடுத்த வேலை நாளில் தடித்த சிரிஞ்சுதான். ஊசியக்கா வரிசையின் கடைசி ஆறு பேரை வெயில் ஏறும் முன்பே தனியாகக் கூப்பிட்டு, இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கையுறையை மாட்டிக்கொண்டார்.