அம்மாவுக்குப் பதிலாள்

எங்கள் தோட்டத்துச் சபையில் கிருபை இலவசம். ஞாயிறுதோறும் பாஸ்டர் அப்படித்தான் சொல்வார். இலவசமாகக் கிடைத்ததற்கு யார் யார் என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்பதைப் பிரசங்கம் முடிந்ததும் செயலாளர் எழுந்து நின்று அறிவிப்பார்.

செயலாளர் ஓய்வுபெற்ற கிராணி, தோட்டத்து ஆபீஸ் கணக்கர். விடியற்காலைப் பனியில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுத்த குரல் அவருடையது. வேலை ஓய்ந்த பிறகு அந்தக் குரலைச் சும்மா வைத்திருக்க முடியுமா? ஆண்டவருக்கு அர்ப்பணித்துவிட்டார். பூ வைப்பது இன்னார், பாய் உதறுவது இன்னார், கோயில் கூட்டுவது என் அம்மா. அவர் வாசிக்கும்போது யாராவது "ஆஜர் ஐயா" என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. காலமெல்லாம் கொழுந்து வெட்டிய கைக்குச் சனிக்கிழமை விளக்குமாறு பாரமா என்ன? ஒவ்வொரு பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து, போன வாரத்து மிட்டாய்த் தாளை எல்லாம் பொறுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்காருவாள்.

ஒரு மழைச் சனிக்கிழமை தண்ணீர் வாளியோடு கோயில் படியில் வழுக்கி விழுந்தாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் முட்டியைக் கட்டி, இனிமேல் குனிந்து எந்த வேலையும் செய்யக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சபையார் ஆளுக்கொரு வசனமும் ஒரு பிஸ்கட் டின்னுமாக வந்து பார்த்தார்கள். செயலாளரும் வந்தார்.

"நல்லா ரெஸ்ட் எடுங்க சிஸ்டர். கோயில் வேலை எப்படியாச்சும் நடந்துரும்லா" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். அம்மாவின் முகம் செத்துப்போனது. நீ இல்லாமலும் வேலை நடக்கும் என்று கிராணி சொன்னால், தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அடுத்து வந்த திருவிருந்து ஞாயிறன்று, மடக்க முடியாத காலை நீட்டிக்கொள்ள வசதியாக, அம்மா கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசி பெஞ்ச் என் நிரந்தர விலாசம். கல்யாணம் முறிந்து கோலாலம்பூரிலிருந்து பெட்டியோடு திரும்பியவளுக்கு அதைவிட நல்ல இடம் எங்கள் சபையில் இல்லை. ரொட்டித் துண்டும் சிறு கிண்ணங்களும் வைத்த தட்டு கைமாறி வரும்போது நான் எடுக்காமல் அடுத்தவரிடம் தள்ளிவிடுவேன். எடுக்காதே என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே புரியும்படி பார்ப்பது எங்கள் சபைக்குக் கைவந்த கலை.

அன்றைக்கு அம்மாவும் எடுக்காமல் தள்ளினாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "வேலைக்கு வராதவளுக்கு என்னாத்துக்குடி சம்பளம்?" என்றாள்.

முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அவளுக்குத் தெரிந்த உலகம் அப்படிப்பட்டது. செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பேர் இருந்தால் தோட்டத்து லயத்தில் வீடு, பேர் போனால் வீட்டைக் காலி பண்ணு. அவள் ஓய்வுபெற்றும் நாங்கள் லயத்தில் இருப்பதற்குக் காரணம் என் பேர் செக்ரோலில் இருப்பதுதான். தோட்டத்து டீக்கடையில், தேயிலைச் செடியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள மலையேறி வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு நான் டீ ஊற்றுகிறேன். சும்மா வீடு கொடுக்கிற துரையை அம்மா கண்டதே இல்லை. பரலோகத்துத் துரை மட்டும் எப்படிக் கொடுப்பார்? அவருக்கும்தான் நம்ம கிராணி இருக்கிறாரே.

தோட்டத்தில் இதற்கும் ஒரு வழி உண்டு. உடம்பு முடியாதவருக்காக அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் போய் நிரையில் நின்றால், கங்காணி கண்டுகொள்ளாமல் படுத்திருப்பவர் பேரையே போட்டுவிடுவார். அப்படிப் போகிறவருக்குப் பதிலாள் என்று பெயர். என்னை ஒரு வார்த்தை கேட்காமலே அம்மா செயலாளருக்குப் போன் போட்டாள்.

"எனக்குப் பதிலா எம் மவ வருவாய்யா."

இப்படியாக, திருவிருந்துக்குத் தகுதியில்லாத நான், அம்மாவைத் தகுதியாக்குவதற்காகக் கோயில் கூட்டப் போனேன். தேவனுடைய வழிகள் ஆராய முடியாதவை. சபைச் செயலாளருடைய வழிகள் அப்படியல்ல. பின்னாலேயே வந்து பெஞ்சுக்கு அடியில் விரலால் தடவிப் பார்ப்பார்.

அடுத்த திருவிருந்துக்கு முந்தின நாளும் தடவிப் பார்த்தார். "அம்மா கை மாதிரி வராது லா" என்று சிரித்தார். அதை வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். நான் விளக்குமாற்றோடு வீட்டுக்குள் நுழையும்போது அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"வேலை சரியில்லையாம்டி. நாளைக்கும் எனக்குக் கெடையாது."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ.

"ஒனக்குப் பதிலா ஒருத்தரு எப்பவோ போயி வேலைய முடிச்சிட்டாரு இல்ல? அதத்தான வாராவாரம் கண்ணத் தொடச்சிக்கிட்டுப் பாடுற? அப்பறம் நான் எதுக்கும்மா பதிலாளுக்குப் பதிலாளா போறேன்?"

பக்தியில் சொன்னதில்லை. இடுப்பு வலியில் சொன்னது. விளக்குமாற்றை மூலையில் எறிந்துவிட்டு டீ போடப் போனேன்.

டீயோடு திரும்பியபோது அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, எதையோ கணக்குப் பார்ப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"அவரு போனது முழு நாளுமா?"

"என்னா?"

"பாதியில எறங்கி வந்தா அரப்பேருதானே போடுவாங்க. அவரு முழுசா நின்னாரா?"

பாதி நாள் வேலைக்குப் பாதிச் சம்பளம், அதுதான் அரைப்பேர். நான் கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை.

"எல்லாம் முடிஞ்சதுன்னு சிலுவையில அவரே சொல்லிட்டுத்தான் செத்தாரு ம்மா. முழுப் பேரு."

"முழுப் பேரு" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். டீயைக் குடித்துவிட்டுத் தூங்கப் போனாள்.

மறுநாள் பாஸ்டர் கிருபையைப் பற்றி நீளமாகப் பேசினார். அம்மா ஒரு வார்த்தையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் பார்வையெல்லாம் தட்டு வரும் வழியிலேயே இருந்தது. வந்ததும் ரொட்டியை எடுத்தாள், கிண்ணத்தைக் குடித்தாள். செயலாளர் முன்பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு. கணக்குத் தீர்ந்தது, இனிமேல் நான் கூட்ட வேண்டியதில்லை என்ற சந்தோஷத்தில், வழக்கம்போல் தட்டைத் தள்ளிவிடக் கையை நீட்டினேன்.

தட்டு வரவில்லை. அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்து என் நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எடு."

"ம்மா, எல்லாரும் பாக்குறாங்க. அந்தப் பக்கம் குடு."

"எனக்கு மட்டுந்தான் முழுப் பேரா? ஒனக்கு அரப்பேரா? எடுடி, கை வலிக்குது."

பாட்டு நின்றுபோயிருந்தது. சபை மொத்தமும் திரும்பியிருந்தது. அந்தக் கிண்ணத்தில் இருந்தது பிரிஞ்சாங் கடையில் வாங்கித் தண்ணீர் கலந்த திராட்சை சிரப் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அழுகை முட்டிக்கொண்டு வந்ததில் அது தொண்டையில் இறங்க வெகுநேரம் ஆனது.

அம்மாவுக்குக் கை வலிக்கிறதே என்றுதான் எடுத்தேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன்.