பாண்கடைக்காரர் சொன்னது

ரப்பர் பால் கையில் காய்ந்து எழும் புளித்த வாடையும், வாசலில் மிதிக்கப் போட்ட நனைந்த சாக்கின் வாடையும், மூலையில் இருக்கும் கார் பெட்டரியின் காரமான வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் இங்கிலாந்துதான் ஞாபகத்துக்கு வரும். அந்த நாட்டை நான் மிதித்ததில்லை. மிதிப்பேன் என்றும் தோன்றவில்லை. ஆனால் தெரணியகலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், டிரைவர் மாமாவின் வீட்டில், முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வாரத்தில் ஒரு மாலை அந்த நாட்டின் மழையையும் தெருவையும் ஒரு பாண்கடையையும் பார்த்து வளர்ந்தவள் நான்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயத்துக்கு அப்போது மின்சாரம் வந்திருக்கவில்லை. தோட்டத்து லொறியை ஓட்டிய டிரைவர் மாமாவிடம்தான் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. லொறி பஜாருக்கு இறங்கும்போதெல்லாம் அதை ஓட வைத்த பெட்டரியும் கூடவே இறங்கிப் போய், சார்ஜ் ஏற்றிக்கொண்டு ராஜமரியாதையோடு திரும்பி வரும். மூங்கில் கம்பில் கட்டிய அன்டெனாவைத் திருப்ப யாராவது ஒருவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே மழையில் நிற்க வேண்டும். ஆண்கள் வாங்குப் பலகையில், பெண்கள் சுவரோரம், பிள்ளைகள் பெட்டியின் மூக்குக்கு நேரே. மாமாவின் மனைவி மட்டும் தன் வீட்டிலேயே இடமில்லாமல் வாசற்படியில் நின்று பார்ப்பார்.

அந்த ஆங்கிலத் தொடருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அது "பாண்கடை". மழை ஓயாத ஒரு சின்ன ஊர். அங்கே பேக்கரி வைத்திருக்கும், மனைவியை இழந்த ஒரு மனிதர். அவருக்கு ஒரே மகள். வருகிறவர் போகிறவரெல்லாம் கடைக்குள் வந்து தங்கள் வீட்டுச் சிக்கலை மேசையில் கொட்டுவார்கள், அவர் ஏதாவது குட்டையைக் குழப்பிவிட்டு அதைத் தீர்த்தும் வைப்பார். சிரிப்புப் படமா அழுகைப் படமா என்று கடைசிவரை எங்களால் முடிவு செய்ய முடியவில்லை. ஒரு கண்ணால் அழுதுகொண்டே மறு கண்ணால் சிரிக்க வைக்கும் சாமர்த்தியம் அந்தத் தொடரை எடுத்தவர்களிடம் இருந்தது.

அவர்கள் பேசுவது இங்கிலீஷ், கீழே ஓடும் எழுத்து சிங்களம். எங்கள் பக்கத்தில் தமிழர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் பஸ்ஸிலும் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் புழங்கிப் புழங்கி லயத்துச் சனத்துக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் பேசத்தான் தெரியும். எழுத்தைக் காட்டினால் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். வாசிக்கத் தெரிந்தவள் மலர் அத்தை ஒருத்திதான்.

மலர் அத்தை என் அப்பாவின் தங்கை. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவளை வளர்த்தார், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே என்னோடு ஒரே பாயில் படுப்பாள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு கதவைச் சாத்திக்கொண்டதால், கீழே ரோட்டோரத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்து சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணியவள். வாய்க்காரி. பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எழுத்து வர வரத் தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். அவள் சொல்லி முடிக்கச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், படத்தில் ஆள் அழ ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் முந்தின தமாஷுக்குச் சிரித்து முடிப்போம்.

அத்தையின் தமிழில் அந்த ஊர் நகரத் தலைவர் "பெரிய தொரை" ஆனார், தேவாலயத்து விருந்து அன்னதானம் ஆனது. ஆணும் பெண்ணும் நெருங்கி நின்று குசுகுசுத்தால் மட்டும், "அது ஏதோ அவங்க சொந்த விஷயம் பேசுறாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். வாங்கில் இருந்த ஆண்கள் மீசைக்குள் சிரிப்பார்கள். "மலரு இல்லாட்டி இது வெறும் பொட்டி" என்று டிரைவர் மாமா அடிக்கடி சொல்வதுண்டு.

எங்கள் லயத்திலேயே அந்தப் பாண்கடைக்காரருக்குப் பெரிய பக்தர் என் அப்பா. அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. இருட்டோடு எழுந்து ரப்பர் மலைக்குப் போகிறவர். பாண்கடைக்காரரும் இருட்டோடு எழுந்து மாவு பிசைகிறவர். இந்த ஒரு பொருத்தம் போதாதா? "அவரு வெடியக்காலம் எழும்புற மனுஷன், பொய் பேச மாட்டாரு" என்பார். ஏதாவது பேச்சு வந்தால் பாண்கடைக்காரர் அப்படிச் சொன்னார், இப்படிச் சொன்னார் என்று மேற்கோள் வேறு. அம்மாவுக்கு எரிச்சல் வரும். "நான் சொன்னா ஏறாது, அந்த வெள்ளக்காரரு சொன்னா மட்டும் ஏறுமாக்கும்" என்று சட்டியை நங்கென்று வைப்பார்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அத்தைக்கு இரத்தினபுரியில் டைப்பிங்கும் இங்கிலீஷும் படிக்க வேண்டும். கூடப் படித்த சிங்களப் பிள்ளை ஒருத்தி அங்கே வகுப்பில் சேரப்போகிறாள், அவளுடைய பெரியம்மா வீட்டில் இருவரும் தங்கலாம் என்று பேச்சு. அப்பாவோ அத்தையின் பெயரைத் தோட்டத்து வேலையாட்கள் பதிவான "செக்ரோலில்" பதியப்போவதாகக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். செக்ரோலில் பெயர் ஏறிவிட்டால் மறுநாளே பால்வெட்டுக் கத்தியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பெண்களில் அதிலிருந்து திரும்பி வந்தவர்கள் அபூர்வம். வருகிற திங்கட்கிழமை தோட்டத்து ஒப்பீசுக்குக் கூட்டிப்போவது என்று முடிவாகிவிட்டது.

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். காலம் கெட்டுக் கிடந்தது. இனக்கலவரத்தில் லயத்தைவிட்டு ஓடிக் காட்டுக்குள் ஒளிந்திருந்த நாட்களைக் கண்டவர் அவர். தமிழ்ப் பெண் டவுனில் தனியாக இருப்பதை நினைத்தாலே அவருக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு டைப்பிங்" என்று கத்துவார். அத்தை போய் விறகு பிளப்பாள். அந்த வாரம் எங்கள் வீட்டு விறகெல்லாம் தீக்குச்சி அளவுக்குப் பிளந்து கிடந்தது.

அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்தது "பாண்கடை". அன்றைய கதையைக் கேளுங்கள். பாண்கடைக்காரரின் மகளுக்குப் பெரிய நகரத்தில், கட்டடங்களுக்குப் படம் வரையும் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது! தகப்பனுக்கோ அனுப்ப மனமில்லை. வராத இருமலை வரவழைக்கிறார், நன்றாக இருந்த காலை நொண்டுகிறார், எந்தக் கால் என்று மறந்து மற்றக் காலை நொண்டுகிறார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. தோளிலிருந்த துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். அத்தையின் குரலும் அன்றைக்குக் கொஞ்சம் வேறாக இருந்தது.

கடைசிக் காட்சி பேக்கரி அடுப்படியில். தகப்பன் மாவு ஒட்டிய கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசுகிறார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுகிறாள், பிறகு சிரிக்கிறாள், இருவரும் சேர்ந்து பாணை அடுப்பில் தள்ளுகிறார்கள். அந்தப் பேச்சை அத்தை இப்படிச் சொன்னாள்: "நீ போயிட்டு வாம்மா. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா என் பயத்துக்காக ஒன்னைய இந்த அடுப்புக்கிட்ட கட்டிப்போட்டா, ஒங்கம்மா என்னைய மன்னிக்க மாட்டா. கடை எங்கயும் ஓடிப் போகாது. நீ படிச்சிட்டு வா."

பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். நான் அத்தைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்ததால் ஒன்றைக் கவனித்தேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. கீழே எழுத்து ஓடி மறைந்த பிறகும் அவள் பேசிக்கொண்டிருந்தாள். மனப்பாடமாகத் தெரியும் போலிருக்கிறது, எவ்வளவு கெட்டிக்காரி என்று பெருமைப்பட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் காலை அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "திங்கக்கெழம ஒப்பீசுக்குப் போகல்ல. அந்த மனுஷனுக்கு இருக்கது ஒத்தப் புள்ள, அவரே அனுப்பிட்டாரு. நான் எம்மாத்திரம்?" அத்தை வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் அன்றைக்கு முகம் கழுவியதைப்போல வேறு யாரும் கழுவி நான் பார்த்ததில்லை, வாளியில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

ஆனால் அடுத்த வெள்ளி வந்ததே! பெட்டியைப் போட்டால், நகரத்துக்குப் போயிருக்க வேண்டிய அந்தப் பொண்ணு கடையில் நின்று ஜம்மென்று பாண் விற்றுக்கொண்டிருக்கிறாள். லயமே அத்தையைத் திரும்பிப் பார்த்தது. "இவ எப்பிடி இங்க?" என்றார் அப்பா. அத்தை கண்ணைக்கூட இமைக்கவில்லை. "லீவுல வந்திருக்கா அண்ணே."

அதற்கடுத்த வாரம் அத்தை இரத்தினபுரி போய்விட்டாள். பிறகு வாசித்துச் சொல்ல ஆளில்லை. நாங்கள் முகத்தைப் பார்த்தே கதையை ஊகித்தோம். அந்தப் பொண்ணு ஒவ்வொரு வாரமும் கடையிலேயே நின்றாள். கேட்டவர்களுக்கு அப்பாதான் விளக்கம் சொன்னார்: "அந்த ஊர்ல லீவு கூட. நம்ம தோட்டம் மாதிரியா?" மாதக் கடைசியில் அத்தை வீட்டுக்கு வந்தால், "அந்தப் புள்ளைக்குக் குடுக்குற மாதிரி ஒனக்கு ஏன் லீவு தர்றாங்க இல்ல?" என்று நிஜமாகவே குறைப்பட்டுக்கொள்வார். அத்தை அவசரமாகத் தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள்.

போன பௌர்ணமிப் போயா லீவுக்கு நான் அந்தத் தொடரின் டிஸ்க்குகளோடு இரத்தினபுரிக்குப் போனேன். கொழும்பு நடைபாதையில் தற்செயலாகக் கண்ணில் பட்டவை. அட்டையில் அந்த மாவுக் கையைப் பார்த்ததும் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். அத்தை இப்போது நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் கேட்கும் கேள்வியைத் தமிழிலும், எங்கள் ஆட்கள் தமிழில் சொல்லும் பதிலைச் சிங்களத்திலும், ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்வதாகச் சத்தியம் செய்து கொடுத்தவள். நான் இங்கிலீஷ் டீச்சர். என்னைப் படிக்க அனுப்பியபோது அப்பா ஒரு தடைகூடச் சொல்லவில்லை. தோட்டத்தில் இப்போது காம்பராவுக்குக் காம்பரா மின்சாரமும் தகட்டு அன்டெனாவும் வந்துவிட்டன, நாடகமெல்லாம் தமிழிலேயே ஓடுகிறது, ஒருவர் சொல்லி மற்றவர் கேட்க வேண்டிய தேவையே இல்லை. டிரைவர் மாமா காலமாகிவிட்டார். அவர் வீட்டில் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கூட்டம் இனி எங்கேயும் கூடப்போவதில்லை. எனக்கு அது பெரிய குறைதான்.

அப்பாவும் அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். டிஸ்க்கில் எந்த மொழியிலும் எழுத்து ஓடவில்லை. அதனால் நான் காதால் கேட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இருமல் வந்தது, நொண்டல் வந்தது, அப்பா இந்தத் தடவை நன்றாகவே சிரித்தார். அடுப்படிக் காட்சி நெருங்கியபோது அத்தை தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள். பாண்கடைக்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். நான் தமிழில் சொல்வதைப் பாதியில் நிறுத்தினேன்.

அவர் போ என்று சொல்லவே இல்லை. நீயும் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள், இன்னும் ஒரு வருஷம் பொறு, அடுத்த வருஷம் பார்ப்போம் என்கிறார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்கிறாள். அவ்வளவுதான்.

"என்ன சொல்றாரு?" என்றார் அப்பா.

அடுக்களை வாசலில் அத்தை தட்டோடு நின்றாள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கண்ணால்கூடக் கெஞ்சவில்லை. பழைய வசனத்தையே திருப்பிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தடுமாறினேன். அண்ணனை ஏமாற்றிப் படிக்கப் போனவள் என்ற கெட்ட பெயர் இந்த வயதில் அத்தைக்கு அப்பாவின் மனதில் விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. பிறகு, அப்பாவை நான் இன்னும் குறைத்துத்தான் எடைபோடுகிறேன் என்று பட்டது. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்தப் புள்ள லீவுல வரல்லியா?"

"இல்லப்பா. போகவே இல்ல."

அவர் மெதுவாகத் திரும்பி அத்தையைப் பார்த்தார். அத்தை நிமிர்ந்து நின்றாள். "அவரு பேசுனது தப்பு அண்ணே. நான் திருத்திச் சொன்னேன்."

அப்பாவின் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்றே நினைத்தேன். சிரிக்கிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அதைத் துண்டால் துடைத்த பிறகு, எங்கள் பக்கத்தில் சிங்களவரும் தமிழரும் பாவம் என்பதற்குச் சொல்லும் அந்த "பவ்" வந்தது. "பவ், மனுஷன் தனியா இருக்கப் பயந்திருக்காரு. நானும் அன்னிக்கு அப்பிடித்தான் பயந்து கெடந்தேன். அவருக்கு எடுத்துச் சொல்ல ஒரு தங்கச்சி இல்லாமப் போச்சு."

அத்தை தட்டை வைத்துவிட்டு அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் டிஸ்க்கை நிறுத்தப் போனேன், அப்பா விடவில்லை.

"அடுத்ததப் போடு புள்ள. இவ்ளோ இருக்கில்ல, எதுலயாவது அந்தப் பொண்ணு போயிருப்பா. பாத்துட்டுத்தான் நான் தோட்டத்துக்குப் போவேன்."