ஆயிரத்தில் இருநூற்று அறுபது

இரும்பு அலமாரித் தொழிற்சாலையின் வண்ணப்பூச்சுப் பிரிவை நடத்திய பெயிண்ட் அக்கா (1951–2018), பெற்றோர் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டுமே தாங்கியவர்.

கம்பெனியைத் தொடங்கியவர் அவருடைய அண்ணன். தமக்கு நானூற்று நாற்பது பங்குகளும், லேத் பட்டறை நண்பருக்கு முந்நூறும், நகையை விற்றுக் கொடுத்த தங்கைக்கு இருநூற்று அறுபதும் ஒதுக்கினார். கம்பெனியைப் பதிவுசெய்த அமைப்புப் பத்திரத்தில் ‘பங்கு மூலதனம்: பத்தாயிரம் பங்குகள்’ என்றிருந்ததை அக்கா ஒருமுறை படித்து மனக்கணக்குப் போட்டார். நூற்றுக்கு மூன்றுகூடத் தேறவில்லை. மிச்சம் யாரிடம் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கூட்டத்துக்கு வராத யாரோ பணக்காரர்கள் என்று தாமே முடிவு கட்டிக்கொண்டார். ஆண்டுதோறும் மற்றவர்கள் கை தூக்கினால் தாமும் தூக்குவார். முடிந்ததும் பெயிண்ட் உலரும் சூட்டறைக்குத் திரும்பிவிடுவார்.

அண்ணனின் மருமகன் நிர்வாகத்துக்கு வந்த ஆண்டு நிலைமை மாறியது. புதிதாக ஆயிரம் பங்குகளை, அதுவும் கம்பெனி தொடங்கிய அன்றைய விலைக்கே, தம் பெயரில் வெளியிடும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அது நிறைவேறினால் பூச்சு வேலையை வெளியே கொடுத்துவிட்டுப் பிரிவை மூடுவதாகத் திட்டம். பன்னிரண்டு பெண்கள் வேலையிழப்பார்கள். தம் சிறு பங்கால் அதைத் தடுக்க முடியாது என்றே அக்கா நினைத்தார்.

கூட்டத்துக்கு முதல் நாள், பெயிண்ட் வாடையே ஆகாத அண்ணன், வெள்ளைச் சட்டையோடு பூச்சறைக்குள் வந்து நின்றார். உடம்பு எப்படி, முழங்கால் வலி எப்படி என்று விசாரித்தார். அப்புறம் ஒரு தாளை நீட்டினார். தங்கைக்குப் பதிலாக மாப்பிள்ளையே வாக்களிக்க அனுமதி தரும் தாள் அது.

"நாளைக்கு நீ அலைய வேண்டாம்மா. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு."

அக்கா கைத்துணியால் விரல்களைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். இத்தனை ஆண்டில் இல்லாத மரியாதை அவரை உறுத்தியது.

"பத்தாயிரத்துல என்னுது இருநூத்தி அறுபது. அது இல்லாம உங்களுக்கு என்னண்ணே நின்னுடப் போகுது?"

தப்புக் கணக்கைக் கேட்டால் அண்ணனால் சும்மா இருக்க முடியாது, பிறவிக் குணம்.

"பத்தாயிரம் எங்க இருக்கு? அது அவ்வளவு வரைக்கும் வெளியிடலாம்னு வாங்கி வெச்ச அனுமதி. வெளியிட்டது ஆயிரந்தான். மிச்சம் யார்கிட்டயும் கிடையாது, இன்னும் பொறக்கவே இல்ல."

சொல்லி முடித்த பிறகே அவருக்கு உறைத்தது. முகம் சுண்டிவிட்டது. அக்கா தாளை மடித்து, கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்தார். ஆயிரத்தில் இருநூற்று அறுபது என்றால் நூற்றுக்கு இருபத்தாறு. நாளை ஆயிரம் இரண்டாயிரமானால் அதுவே பதின்மூன்று; ஒரு பங்கும் கைமாறாமலே பாதியாகிவிடும். கூட்ட அறிவிப்பில் ‘முக்கால் பங்கு ஆதரவு தேவை’ என்றிருந்த வரிக்கு அப்போதுதான் பொருள் விளங்கியது.

மறுநாள் கூட்டத்தில் மாப்பிள்ளை சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அத்தை, பெயிண்ட் காயறதுக்குள்ள முடிச்சுடலாம். கையத் தூக்குங்க."

"எதிர்க்கிறவங்களக் கேக்கறப்ப தூக்கறேன் மாப்பிள்ளை."

லேத் நண்பர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மேசையைப் பார்த்தார். இருவரும் ஆதரவாகவே கை தூக்கினர். எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது அக்காவின் கை தனியாக உயர்ந்தது. எண்ணி முடிக்கும்வரை அது இறங்கவில்லை. கணக்கர் கூட்டிப் பார்த்தார், மறுபடியும் கூட்டினார். ஆதரவு எழுநூற்று நாற்பது. முக்காலுக்குப் பத்துப் பங்கு குறைவு. தீர்மானம் விழுந்தது.

அண்ணன் நெடுநாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பூச்சுப் பிரிவு மூடப்படவில்லை.

அக்கா கடைசியாகக் கை தூக்கியது 2017 செப்டம்பர் 14 அன்று, அப்பிரிவுக்குப் புதிய சூட்டறை வாங்கும் தீர்மானத்தை ஆதரித்து.